மாத்திரை யூரியா இல்லை

என் இடது காலில் நாலு விரல்தான் இருக்கிறது. சுண்டு விரலை 2018 மார்கழியில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். களை எடுக்க வரும் பெண்கள் கேட்டால், "பவர் டில்லர்ல மாட்டிக்கிச்சு" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சர்க்கரை நோய்க்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையை யாரையும் கேட்காமல் நானே நிறுத்தினேன். அதனால் போன விரல் அது.

இத்தனை நாள் மறைத்ததற்குக் காரணம் உண்டு. நான் மாத்திரையை நிறுத்தியது இயற்கை விவசாயத்தின் பேரைச் சொல்லித்தான். "ஒன்பது வருஷமா நெலத்துக்கு விஷம் போடல, உடம்புக்கு மட்டும் ஏன் போடணும்?" இந்த ஒரு வரி என்னை விழ வைத்தது. இப்போதும் நம் கூட்டங்களில், விதைத் திருவிழாக்களில், சந்தைகளில் இதே வரியை யாராவது சொல்லக் கேட்கிறேன். கேட்கிற இளைஞர்கள் தலையை ஆட்டுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எப்படி நம்பினேன்

எங்கள் கழனி பாகூர் கொம்யூனில் இருக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பாசனம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர். அந்தக் களஞ்சியத்தில் யூரியா மூட்டை ஏறின கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூட்டை போட்ட இடத்தில் மூணு மூட்டை போட்டோம். மண்புழு போச்சு, வரப்பு நண்டு போச்சு, கடன் மட்டும் நின்றது. அதைப் போடச் சொன்னவர்களும் படித்தவர்கள்தான். அதிலிருந்து வெளியே வந்த ஒருவன், டாக்டர் சொல்வதையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. சந்தேகப்பட்டது தப்பில்லை. அளந்து பார்க்காமல் சந்தேகப்பட்டதுதான் என் தப்பு.

2012ல் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டிவந்தேன். மூணு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் மூணு நிமிஷம். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது, கழனியில் நிற்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது என்றேன். "அதெல்லாம் பழகிடும்" என்றார். சிறுகுறிஞ்சான் இலை சாப்பிடலாமா என்று கேட்டேன். "அப்ப அவங்ககிட்டயே போங்க, இங்க ஏன் வர்றீங்க?" என்றார். அன்றைக்கே மனசு பாதி வெளியே வந்துவிட்டது.

மீதியை 2018 ஆடியில் ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சு இழுத்துவிட்டது. மருந்தில்லாமல் வாழலாம் என்று ஒருவர் அழகாகப் பேசினார். "மாத்திரையும் உப்பு உரம்தான். மெஷினை நம்பாதீங்க. உடம்பு பேசும், அதைக் கேளுங்க" என்றார். கை தட்டியவர்களில் நானும் ஒருவன். மறுநாளே மாத்திரையை நிறுத்தினேன். சர்க்கரை பார்ப்பதையும் நிறுத்தினேன்.

முதல் ஒரு மாதம் உடம்பு காற்று மாதிரி இருந்தது. வயிற்றுக் கலக்கல் போயிற்று. "பார்த்தியா" என்று வீட்டில் பெருமை அடித்தேன். இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. மெட்ஃபார்மினின் பக்கவிளைவு நின்றதைத்தான் நோய் நின்றதாக நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில், சம்பாவில் களை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வைத்து வீட்டுக்காரம்மாதான் பார்த்தாள். "இன்னாங்க, கால்ல இவ்ளோ ரத்தம்?" குனிந்து பார்த்தால் சுண்டு விரலடியில் கருவேல முள் முக்கால் அங்குலம் ஏறி ஒடிந்திருக்கிறது. எனக்கு ஒரு வலியும் இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்கினேன். மூணாவது வாரம் விரல் கறுத்தது, நாற்றம் வந்தது. ஜிப்மருக்கு எடுத்துப் போனபோது சர்க்கரை 400க்கு மேல். "ஒரு வாரம் தள்ளியிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார் அறுவை செய்த டாக்டர்.

உடம்பு பேசும் என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை அதிகமாக இருந்தால் பாதத்தின் நரம்புகள்தான் முதலில் மரத்துப்போகின்றன. பேசுகிற கம்பியே அறுந்தபிறகு, உடம்பு அமைதியாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நம் ஊர்க் கணக்கு

இது ஒரு ஆளின் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் எடுத்த சர்க்கரை நோய்க் கணக்கு 2023ல் வெளியானது. இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை. புதுச்சேரியில் 26.3. கோவா மட்டும்தான் 26.4 என்று நம்மைவிட ஒரு முடி முன்னே இருக்கிறது. அதாவது நம்மூரில் நாலு பேர் வரப்பில் உட்கார்ந்தால் ஒருவருக்குச் சர்க்கரை. இயற்கை விவசாயிகளின் கூட்டத்தில் நூறு பேர் இருந்தால் இருபத்தைந்து பேர் நோயோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேடையில் இருந்து "மாத்திரையை விடு" என்று சொல்வது அந்த இருபத்தைந்து பேரின் காலோடும் கண்ணோடும் கிட்னியோடும் விளையாடுவது.

உவமை எங்கே உடைகிறது

மாத்திரையும் யூரியாவும் ஒன்று என்கிறார்களே, அதையே எடுத்துப் பார்ப்போம்.

மண்ணுக்கு யூரியா ஏன் தேவையில்லை என்கிறோம்? பலதானியம் விதைத்து மடக்கி உழுதால், தொழு உரமும் அமுதக்கரைசலும் கொடுத்தால், மண்ணில் உள்ள உயிர்களே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அதாவது அந்த வேலையைச் செய்யும் ஆள் மண்ணிலேயே இருக்கிறான். அவனை எழுப்பினால் போதும். சர்க்கரை நோயில் அந்த ஆளே குறைந்துபோகிறான், அல்லது அவன் சொல்வதை உடம்பு கேட்க மறுக்கிறது. அவன் பேர் இன்சுலின். குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரையில் அவன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் அந்த நோய் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து செத்தார்கள். அன்றைக்கு நம் வயல்களில் யூரியா தின்ற அரிசி இல்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்கிற யாராக இருந்தாலும், அது கொலைக்குச் சமம். சில நாட்களிலேயே உயிர் போகும்.

அடுத்து, "கெமிக்கல்". நான் திட்டிக்கொண்டே விழுங்கிய மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஒரு செடி. ஐரோப்பாவில் பழைய நாட்டு வைத்தியத்தில் இருந்த ஒரு பயறுவகைச் செடி; நம் கொளுஞ்சியின் தூரத்துப் பங்காளி மாதிரி. அதில் இருந்த பொருளைப் பார்த்துத்தான் இந்த மாத்திரைக்கு வழி கண்டார்கள். 1957ல் பிரெஞ்சு டாக்டர் ஒருவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். செடியிலிருந்து வந்ததால் நல்லது என்றும் சொல்லவில்லை; எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. இயற்கையா கெமிக்கலா என்ற கோடு மண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி மருந்துக்குப் பொருந்தாது என்கிறேன்.

மூணாவதாக, நாம் நிலத்தையே இப்படித் திடீரென்று மாற்றுவதில்லை. அங்ககச் சான்று வாங்க வேண்டுமானால் ஒருபோகப் பயிருக்கு இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூணு வருஷம் மாறுதல் காலம் வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் தம்பிகளிடம் என்ன சொல்கிறோம்? "ஒரே நாள்ல நிறுத்தாதே, முதல்ல கால் ஏக்கர்ல பாரு, மண்ணுக்குச் சத்து ஏத்திக்கிட்டு அப்புறம் விடு." நிலத்துக்குக் கொடுத்த இந்தப் பொறுமையை நான் என் உடம்புக்குக் கொடுக்கவில்லை. இதிலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கெட்ட நிலம் மூணு வருஷத்தில் திரும்பும். வெட்டின விரல் திரும்பாது. விழித்திரையும் கிட்னியும் அப்படித்தான்.

அரிசியை மருந்தென்று விற்காதீர்கள்

இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. "சர்க்கரையை விரட்டும் மாப்பிள்ளைச் சம்பா", "சுகருக்குக் கருப்பு கவுனி" என்று அட்டை எழுதி வைத்து விற்கிறோம். நானும் விற்றிருக்கிறேன். நல்ல அரிசிதான், சந்தேகமே இல்லை. தவிடு போகாத அரிசி வெள்ளை அரிசியைவிட மேல் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சென்னையில் 2014ல் வெளியான ஆய்வு ஒன்றில், பட்டை தீட்டாத அரிசி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவாக இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு. மீதி நாலு பங்கு ஏறத்தான் செய்தது. "இது நாட்டு அரிசி" என்ற தைரியத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டால் அந்த ஒரு பங்கும் போச்சு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு தைரியமாக இருப்பவர்களுக்கும் இதேதான். ரத்தத்துக்கு அது வெல்லமா சர்க்கரையா என்று பேர் தெரியாது.

சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் போட்ட சட்டம் இல்லை.

சித்த மருத்துவத்தை எப்படி எடுத்துக்கொள்வது

விரல் போனபிறகு நான் ஒரு பக்கமாகச் சாயவில்லை. மாத்திரைக்குத் திரும்பினேன், சித்த மருத்துவத்தை விடவும் இல்லை. ஆனால் இந்தத் தடவை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய அரசு சித்த மருத்துவரிடம் போனேன். அவர் நாடி பிடிக்கிறதுக்கு முன்னால் லேப் ரிப்போர்ட்டைக் கேட்டார். ஆவாரைக் குடிநீர் கொடுத்தார். "ஐயா, இந்த மாத்திரையை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். இதையும் சேர்த்துக் குடிங்க, மாசாமாசம் அளந்து காட்டுங்க, அவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார். எனக்கு இருபது வருஷ விவசாயத்தில் கிடைத்த நல்ல ஆலோசனைகளில் இது ஒன்று.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிறுகுறிஞ்சான் பற்றிச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1990ல் வெளியிட்ட ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதில் 22 பேர். எல்லோரும் மாத்திரையோடு சேர்த்துத்தான் சிறுகுறிஞ்சான் சாறு எடுத்தார்கள், ஒன்றரை வருஷத்துக்கு மேல். அளந்துகொண்டே வந்ததில் மாத்திரை அளவு குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையை விடவும் முடிந்தது. 22 பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனால் செய்த வழியைப் பாருங்கள்: சேர்த்துக் கொடுத்து, அளந்து, அப்புறம் குறைத்தார்கள். மேடைப் பேச்சில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இதில் சில எச்சரிக்கைகள். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து, காலையில் சாப்பிடாமல் மண்வெட்டியும் பிடித்தால், சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். தனியாக மோட்டார் கொட்டகையில் விழுந்தால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. இடுப்பு மடிப்பில் நாலு வெல்லக்கட்டி எப்போதும் இருக்கட்டும். வெல்லம் மருந்தாகிற ஒரே நேரம் அதுதான். அடுத்து, பேர் இல்லாத, லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பற்பம், செந்தூரம், "சுகர் பவுடர்" எதையும் தொடாதீர்கள். 2004ல் அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அங்ககச் சான்று இல்லாத காய்கறியை வாங்க மாட்டோம் என்கிற நாம், என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியை எப்படி விழுங்குகிறோம்?

"மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிட்னியை அதிகம் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். நம் ஆட்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: நடவு முடிந்ததும் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை. அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டோம்.

கழனிக்காரனின் கால்

மண்ணில் வெறுங்காலோடு நடப்பது நமக்கு ஒரு பெருமை. எனக்கும்தான். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் சேற்றில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. முள், சிப்பி, உடைந்த பாட்டில் மட்டுமல்ல. மெலியாய்டோசிஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. அதன் கிருமி ஈர மண்ணிலும் நெல் வயலிலும் வாழ்வது. மழைக்காலத்தில் புண் வழியாக ஏறும். சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விடாத காய்ச்சல் என்றால், "நான் கழனியில் இறங்குகிறவன், எனக்குச் சர்க்கரை" என்று டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் இப்போது ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் இறங்குகிறேன். சேறு உள்ளே போகும், எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிக்கொண்டேன். இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். முடியாத நாளில் பேத்தி பார்த்துச் சொல்கிறாள்.

நோட்டுப் புத்தகம்

விதை போட்ட தேதி, கரைசல் கொடுத்த தேதி, மழை அளவு எல்லாம் நம்மிடம் நோட்டில் இருக்கும். அதிலேயே கடைசிப் பக்கங்களை உடம்புக்கு ஒதுக்கினேன். சர்க்கரை அளவு, மூணு மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சாப்பிடும் மாத்திரை, குடிக்கும் கஷாயம் எல்லாம் ஒரே பக்கத்தில். இரண்டு மருத்துவரிடமும் அதே நோட்டைத்தான் நீட்டுகிறேன். நோட்டைப் பார்த்தபிறகு இப்போதைய டாக்டர், மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். வயிற்றுக் கலக்கல் நின்றது. பல வருஷம் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 சத்துக் குறையலாம் என்று அதையும் சோதித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாராவது இதைச் செய்திருந்தால் என் விரல் இருந்திருக்கும் என்று சில நேரம் தோன்றும்.

மாத்திரை குறையவே குறையாதா என்றால், குறையும். வில்லியனூர் பக்கத்து அண்ணன் ஒருவர் எடையைப் பன்னிரண்டு கிலோ இறக்கினார். டாக்டரே இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினார். பிரிட்டனில் 2017ல் வெளியான ஒரு ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை டாக்டர் கண்காணிப்பில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 46 பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஆக, உணவுக்கும் உழைப்புக்கும் அந்தச் சக்தி உண்டு. நாம் சொல்வதில் பாதி சரிதான். மீதிப் பாதி, அளப்பது.

என்ன செய்யலாம்

நம் இயக்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை மூன்று. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவருக்கு நம் மேடையைக் கொடுக்காதீர்கள்; எவ்வளவு அழகாகப் பேசினாலும் சரி. நம் அரிசி மூட்டைகளில் நோயின் பேரை எழுதாதீர்கள். அரிசியின் பேரை எழுதினாலே வாங்குவார்கள். விதைத் திருவிழாவில் ஒரு மேசையைச் சர்க்கரை, பாதம், கண் பார்க்க ஒதுக்குங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையம் இருக்கிறது, அரசு நலவழி மையங்கள் இருக்கின்றன. கூப்பிட்டுக் கேட்பதில் நமக்கு என்ன குறைச்சல்?

டாக்டர்களுக்கும் ஒன்று. "வேறு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டினால் நாங்கள் சாப்பிடுவதை நிறுத்த மாட்டோம், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவோம். சில நலவழி மையங்களில் சித்தப் பிரிவும் அதே கட்டடத்தில் இருக்கிறது. இரண்டு அறைக்கும் ஒரே சீட்டு, ஒரே பதிவு என்று வைத்தால் எங்களைப் போன்றவர்கள் நடுவில் விழ மாட்டோம்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். முப்பத்திரண்டு வயசு, புதிதாக ஒரு காணி எடுத்து இயற்கைக்கு மாறியிருக்கிறான். போன வருஷம்தான் சர்க்கரை வந்திருக்கிறது. "அண்ணா, நெலம் மாத்திட்டேன். மாத்திரையையும் விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். நான் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன். அப்புறம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தான். போகும்போது, "நான் எந்தப் பக்கத்துலருந்து எழுத ஆரம்பிக்கணும்ணா?" என்று கேட்டான். இன்னைக்குத் தேதியைப் போட்டு ஆரம்பி என்றேன்.